ஐம்பதில் வளையுமா?

“ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?” என்று நம் வீடுகளில் கேட்பவர் யாரும் அதற்கு விடையை எதிர்பார்ப்பதில்லை. பையன் பாடம் படிக்காமல் திண்ணையில் காலத்தைக் கழிக்கும்போது பாட்டி இதைச் சொல்லுகிறாள். அதனால் தீங்கு ஒன்றும் விளைவதில்லை. ஆனால் நாற்பத்தைந்து வயதான தாயார் ஒருத்தி மகளிடம் நான்கு எழுத்துக் கற்றுக்கொள்ளலாமா என்று தயங்கி நிற்கும்போதும், கடைக் கணக்கு எழுதும் தகப்பனார் புதியதொரு தொழிலைப் பழக எண்ணும்போதும் அதே பழமொழி வந்து குறுக்கே படுத்துக்கொள்ளுகிறது. “இனி மூளையில் என்ன ஏறப் போகிறது?” என்று அவர்களே சிரித்துக்கொண்டு எழுந்து போய்விடுகிறார்கள். அந்தச் சிரிப்பு நமக்குச் சம்மதமில்லை. நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடையே, நோய்நொடியில்லாத ஒருவருடைய மூளையில் உண்மையாகவே நடப்பது என்ன? அதனால் அவருடைய சிந்தனா சக்தி எவ்வளவு குறைகிறது, எதில் குறைகிறது? இக்கேள்விகளுக்கு இன்று ஓரளவு விடை கிடைத்திருக்கிறது.

விஞ்ஞானத்துக்குப் போகுமுன் நம் ஊர்ப் பக்கத்து மனிதர் ஒருவரைச் சற்று நினைத்துக்கொள்வோம். தூத்துக்குடியிலிருந்து ஏரல் செல்லும் மார்க்கத்தில், பனைகளுக்கு நடுவே இருக்கிறது சாயர்புரம். சாமுவேல் சாயர் என்ற வர்த்தகர் 1814-ஆம் ஆண்டில் வாங்கிக் கொடுத்த நிலத்தில் எழுந்த ஊர் அது. அங்கே 1840-களில் ஒரு வாலிபப் பாதிரியார் வந்து பள்ளிக்கூடம் வைத்தார். அவருக்கு அப்போது இருபதுக்குச் சிறிது மேற்பட்ட பிராயம், கண்டிப்புக்குப் பேர்போனவர். அவரே ஜி. யு. போப். நம்மவர் வாயில் போப்பையர். அவருடைய பெயரைத் தாங்கிய கல்லூரி ஒன்று 1962-லிருந்து அவ்வூரில் நடந்து வருகிறது.

போப்பையர் 1820-இல் கனடா தேசத்தைச் சேர்ந்த தீவொன்றில் பிறந்தவர். 1839-இல் சென்னைக்கு வந்தார். சாயர்புரம், தஞ்சாவூர், உதகமண்டலம், பெங்களூர் என்று நாற்பது வருஷங்களுக்கு மேல் இத்தேசத்தில் உழைத்துவிட்டு இங்கிலாந்துக்குத் திரும்பினார். பிறர் இந்த இடத்தில் சாய்வு நாற்காலியைத் தேடுவார்கள். அவரோ ஆக்ஸ்போர்டில் தமிழும் தெலுங்கும் கற்பிக்கப் போனார். திருக்குறளின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1886-இல் வெளிவந்தபோது அவருக்கு வயது 66. நாலடியார் வந்தது 1893-இல், வயது 73. திருவாசகம் 1900-இல், வயது 80. திருவாசகத்தை எடுத்துக்கொள்ள அவர் தயங்கியதும், முடிக்கும்வரை உயிரோடிருப்பேனோ என்று ஐயுற்றதும், அவருடைய நண்பரும் கல்லூரித் தலைவருமான ஜோவெட், பெருவேலை ஒன்றைக் கையில் வைத்திருப்பதே நெடுநாள் வாழ்வதற்கு வழி என்று சொல்லித் தூண்டியதும் அந்நூலின் முன்னுரையால் தெரிய வருகின்றன. தூண்டிய ஜோவெட் 1893-இலேயே காலமாகிவிட்டார். தயங்கியவர் வேலையை முடித்து, அதன் பின்னும் எட்டு ஆண்டு வாழ்ந்து, 1908-இல் மறைந்தார்.

நம்மவர்களிலும் இத்தகையோர் உண்டு. டாக்டர் உ. வே. சாமிநாதையர் தமது சரித்திரத்தை ‘ஆனந்த விகட’னில் எழுதத் தொடங்கிய 1940-இல் அவர் எண்பத்தைந்து வயதை எட்டிக்கொண்டிருந்தார்.

எனினும் இரண்டு பெரியோர்களைக் காட்டி ஊரார் அனைவருக்கும் சட்டம் சொல்லிவிட முடியாது. ஆயிரம் பேர் தளர்ந்து போன இடத்தில் ஒருவர் தளராமல் நின்றால் அவருடைய பெயர்தான் சரித்திரத்தில் நிற்கும். தளர்ந்தவர்கள் கணக்கில் வருவதில்லை. ஆகவே பலரை, அதுவும் பெயரும் புகழும் இல்லாத சாமானியர்களை, நெடுங்காலம் கவனித்தவர்கள் என்ன சொல்லுகிறார்கள் என்று பார்ப்பதே முறை.

முதலில் மூளையின் அமைப்பு. வளர்ந்த மனிதரின் மூளை சுமார் 1,400 கிராம் நிறையுள்ளது. அதில் உள்ள நரம்பணுக்கள் சுமார் 8,600 கோடி. மேற்புறத்தில் மடிப்பு மடிப்பாகக் காணப்படும் சாம்பல்நிறப் பகுதியில் அணுக்களின் உடல்கள் நெருங்கியிருக்கின்றன. உட்புறத்து வெண்பகுதியில் அவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் இழைகள் ஓடுகின்றன. அந்த இழைகளுக்குக் கொழுப்பாலான உறை ஒன்று உண்டு. அதுதான் வெண்மைக்குக் காரணம். மின்சாரக் கம்பிக்கு ரப்பர் உறை எப்படியோ அப்படியென்று சொல்லலாம். ஆனால் இவ்வுறை செய்தியைக் காப்பதோடு நில்லாமல் அதன் வேகத்தையும் பன்மடங்கு கூட்டுகிறது.

காதுக்கு நேரே உட்புறமாக, பக்கத்துக்கு ஒன்றாக, வளைந்த சிறு உறுப்புக்கள் இரண்டு இருக்கின்றன. புதிய செய்திகளை ஞாபகத்தில் பதிய வைப்பதும், இடங்களையும் வழிகளையும் அறிந்துகொள்வதும் இவற்றின் வேலை. பழைய ஐரோப்பிய வைத்தியர்கள் இதற்குக் கடற்குதிரை என்று பெயரிட்டார்கள். மன்னார் வளைகுடாக் கரையில் வாழும் நமக்கு அந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை. மீனவர் வலையில் தப்பித் தவறி வந்து, காய வைத்த பின் கேள்விக்குறிபோல் சுருண்டு கிடக்கும் அந்தப் பிராணியைக் கரையில் பார்க்காதவர் யார்? (2001-ஆம் ஆண்டு முதல் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பு அதற்கு உண்டு, பிடிப்பதும் விற்பதும் குற்றம்.) அதே வளைவு, அதே வால். நம் தலைக்குள் இருக்கும் அவ்விரு கடற்குதிரைகளைக் குறித்தே இந்த ஆராய்ச்சிகளில் பெரும்பகுதி நடந்திருக்கிறது.

உயிரோடிருக்கும் மனிதரின் மூளையைக் கத்தி வைக்காமல் பார்க்க முடியாத காலம் நீண்ட நாள் இருந்தது. காந்தசக்தியால் உட்புறத்தைப் படம் பிடிக்கும் எம்.ஆர்.ஐ. யந்திரம் வந்த பிறகே, சுகமாயிருப்பவர்களை வருஷத்துக்கு வருஷம் பார்ப்பது சாத்தியமாயிற்று. பல தேசங்களில் எடுத்த ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் படங்களை ஒன்றுசேர்த்து 2022-இல் ஒரு வரைபடம் வெளியிட்டார்கள். சாம்பல்நிறப் பகுதி ஏறக்குறைய 6 வயதிலேயே உச்சப் பருமனை அடைந்துவிடுகிறது என்றும், வெண்பகுதி 29 வயதை ஒட்டித்தான் உச்சத்தை அடைகிறது என்றும் அதிலிருந்து தெரிகிறது. ஒன்றாம் வகுப்புப் பையனின் மூளையில் சாம்பல்நிறப் பகுதி அவனுடைய ஆசிரியருக்கு இருப்பதைவிட அதிகம் என்றால் ஆசிரியருக்கு வருத்தமாயிருக்கலாம். ஆயினும் பாடம் யாருக்குத் தெரியும் என்பதை யோசித்தால், பருமன் வேறு, அறிவு வேறு என்பது விளங்கும். பிள்ளைப் பருவத்தில் வேண்டாத இணைப்புக்களைக் கழித்துவிடுவதும் மூளையின் வளர்ச்சியே.

முப்பத்தைந்து வயதுக்குப் பிறகு மூளையின் மொத்தப் பருமன் வருஷத்துக்கு நூற்றுக்கு 0.2 பங்கு வீதம் குறையத் தொடங்குகிறது. அறுபது வயதில் அது நூற்றுக்கு 0.5 ஆகிறது. நாற்பத்தைந்து வயதுக்காரருக்கு ஒரு வருஷத்தில் நஷ்டம் சுமார் மூன்று கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். இந்தக் குறைவும் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இல்லை. நெற்றிக்குப் பின்னுள்ள பகுதியில் அதிகம். கடற்குதிரைகளில் ஐம்பதுக்குப் பிறகு வேகம் கூடுகிறது. கண் பார்வைக்குரிய பின்பகுதியில் சொற்பம்.

தினந்தோறும் ஆயிரக்கணக்கான நரம்பணுக்கள் செத்துக்கொண்டிருக்கின்றன என்று வெகு காலமாகச் சொல்லி வந்தார்கள். இன்றும் மேடைகளில் சொல்லக் கேட்கிறோம். டென்மார்க் தேசத்தில் 1997-இல் வெளியான எண்ணிக்கை அந்தப் பயத்தைப் பெரிதும் குறைத்துவிட்டது. மூளையின் மேற்பரப்பில் 20 வயதிலிருந்து 90 வயது வரையில் குறையும் நரம்பணுக்கள் நூற்றுக்குப் பத்துதான் என்று அவர்கள் கண்டார்கள். அப்படியானால் சுருங்குவது எது? அணுக்கள் சிறுக்கின்றன, அவற்றின் கிளைகளும் சந்திப்புக்களும் குறைகின்றன, வெண்பகுதியின் உறைகள் தேய்கின்றன. தோப்பிலுள்ள மரங்கள் சாயவில்லை, இலைதான் உதிர்ந்திருக்கிறது. இந்த வித்தியாசம் சிறிதன்று. செத்த மரம் துளிர்ப்பதில்லை. இலை உதிர்ந்த மரத்தைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

இனிச் சிந்தனை. லண்டன் நகரத்து அரசாங்க உத்தியோகஸ்தர்களை 1980-களிலிருந்து தொடர்ந்து சோதித்து வரும் ஆராய்ச்சி ஒன்று இருக்கிறது. அதில் 45 வயது முதல் 70 வயது வரையுள்ள 7,390 பேர்களுக்குப் பத்து வருஷத்தில் மும்முறை பரீட்சை வைத்து, முடிவை 2012-இல் வெளியிட்டார்கள். அதனைத் தலைமை வகித்து எழுதியவர் ஆர்ச்சனா சிங்-மனூ என்னும் இந்திய மாதரசி. ஞாபகம், தர்க்கம், சொற்களை விரைவாக எடுத்துச் சொல்லும் திறம், சொல்வளம் ஆகியவை சோதிக்கப்பட்டன. தர்க்கப் பரீட்சையில் 45 முதல் 49 வயதுள்ளவர்கள்கூடப் பத்து வருஷத்தில் நூற்றுக்கு 3.6 பங்கு குறைந்திருந்தார்கள். ஆண், பெண் இருபாலார்க்கும் அதே அளவு. அறுபதில்தான் தளர்ச்சி தொடங்கும் என்று நினைத்திருந்தவர்களுக்கு இது திடுக்கிடச் செய்த செய்தி; பத்திரிகைகள் பெரிய எழுத்தில் போட்டன.

அப்பத்திரிகைகள் சிறிய எழுத்திலும் போடாத செய்தி ஒன்று அதே ஆராய்ச்சியில் இருக்கிறது. சொல்வளம் குறையவே இல்லை! மற்றவையெல்லாம் ஒரு படி இறங்கியபோது சொற்களைப் பற்றிய அறிவு அப்படியே நின்றது. அமெரிக்காவில் ஸியாட்டில் நகரத்தில் 1956-இல் தொடங்கி ஏழாண்டுக்கு ஒருமுறை நடந்து வந்த சோதனையும் ஏறத்தாழ இதையே சொல்லுகிறது. கண்ணால் கண்டதும் சட்டென்று வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும் வேகம் வாலிபத்திலேயே குறையத் தொடங்குகிறது. ஆனால் சொற்பொருள் அறிவு, இருப்பதைக் கொண்டு இல்லாததை ஊகித்தல் முதலியவை நடுவயதில்தான் உச்சத்துக்கு வருகின்றன. போப்பையரும் சாமிநாதையரும் முதிர்ந்த வயதில் எடுத்துக்கொண்ட வேலைகள் எவை என்று பாருங்கள். ஒருவர் செய்தது மொழிபெயர்ப்பு. மற்றவர் செய்தது ஏடு பார்த்துப் பதிப்பித்தலும், தம் வாழ்வை நினைவுகூர்ந்து எழுதுதலும். எல்லாம் சொல்லோடு உறவாடும் வேலை. வயது எதை விட்டுவைக்கிறதோ அதையே அவர்கள் மூலதனமாக்கிக்கொண்டார்கள்.

பெயர் மறதியைப் பற்றி ஒரு வார்த்தை. நாற்பது வயதைத் தாண்டிய உபாத்தியாயர்களுக்கு இது நித்திய அநுபவம். கடைத்தெருவில் பழைய மாணவன் வணக்கம் சொல்லுகிறான். அவன் உட்கார்ந்த பெஞ்சு தெரிகிறது, அவன் தகப்பனார் தொழில் தெரிகிறது, பெயர் மட்டும் தொண்டையில் நின்றுகொண்டு வெளியே வர மறுக்கிறது. வீட்டுக்கு வந்து கை கால் கழுவும்போது தானே வந்துவிடுகிறது. தானே வருவதுதான் இங்கே கவனிக்கத்தக்கது. பெயர் அழிந்து போகவில்லை. அதை எடுத்து வரும் பாதை சற்று மந்தமாகியிருக்கிறது. நடுவயதிலிருந்தே இது கூடிக்கொண்டு போவது இயல்பென்றும், மற்றச் சொற்களைவிட மனிதர் பெயரில் அதிகமென்றும் சோதனைகள் காட்டுகின்றன. இதற்காகக் கலங்க வேண்டியதில்லை. பழகிய தெருவில் வழி தப்புவதும், சொன்னதையே அரைமணிக்கு ஒருமுறை சொன்ன நினைவின்றிச் சொல்லுவதும், கைப்பழக்கமான சமையலோ கணக்கோ திடீரென்று விளங்காமற் போவதும் வேறு சாதி; அவற்றுக்கு வைத்தியரிடம் போகத்தான் வேண்டும்.

இளையோரையும் முதியோரையும் ஒரே நாளில் சோதித்து, “பாருங்கள், வயதானவருக்கு மதி குறைவு” என்று சொல்லும் வழக்கம் ஒன்று உண்டு. நம் தேசத்தில் இதைவிட அநியாயமான ஒப்புமை வேறில்லை. பள்ளிக்கூடத்து வாசலையே மிதிக்க விடப்படாத எழுபது வயதுப் பாட்டியையும், பி.எஸ்ஸி. படிக்கும் பேத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துக் காகிதத்தில் பரீட்சை வைத்தால் அங்கே தெரிவது வயதின் வித்தியாசமா, வாய்ப்பின் வித்தியாசமா? ஒருவரை அவருடைய பழைய தன்மையோடு ஒப்பிடுவதே நேர்மையானது.

அப்படி ஒப்பிட உதவும் அபூர்வமான காகிதக் கட்டு ஒன்று ஸ்காட்லாந்து தேசத்தில் அகப்பட்டது. 1932-ஆம் ஆண்டு ஜூன் 1-ஆம் தேதி, அத்தேசத்தில் 1921-இல் பிறந்து பள்ளியில் படித்துவந்த ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே புத்திப் பரீட்சை வைத்தார்கள். 87,498 பிள்ளைகள் எழுதினார்கள். விடைகளின் பதிவேடுகள் பல்லாண்டு பரணில் கிடந்தன. பின்னால் ஈயன் டியரி என்னும் பேராசிரியரும் அவருடைய கூட்டாளிகளும் அவற்றைத் தூசி தட்டி எடுத்து, எஞ்சியிருந்த கிழவர் கிழவிகள் சிலரைத் தேடிப் பிடித்து, எண்பதை ஒட்டிய வயதில் அதே பரீட்சையைத் திரும்பவும் வைத்தார்கள். முதுமையில் மனிதருக்கு மனிதர் காணும் வேற்றுமையில் ஏறக்குறையப் பாதி, பதினோராம் வயதிலேயே இருந்த வேற்றுமைதான் என்று தெரிந்தது. தலைமுறை தலைமுறையாக விடைத்தாள்களை எடைக்குப் போட்டுவிடும் நம் பள்ளிக்கூடங்களை நினைத்தால் பெருமூச்சு வருகிறது.

இதில் நமக்கு ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. நடுவயதில் மூளை சற்றுப் பருத்திருப்பவர்கள் பரீட்சையில் சற்று மேலாக இருக்கிறார்கள் என்று ஒரு செய்தி வந்தால், உடனே ‘மூளை சுருங்கியதால் புத்தி குறைந்தது’ என்று முடிவு கட்டக் கூடாது. அவர் சிறு பிள்ளையிலிருந்தே அப்படியிருந்திருக்கலாம். ஸ்காட்லாந்து முதியவர்களில் மூளை மேற்பரப்பின் தடிப்புக்கும் எழுபது வயதுப் புத்திக்கும் காணப்பட்ட உறவில் பெரும்பகுதி, பதினோரு வயது மதிப்பெண்ணைக் கணக்கில் சேர்த்ததும் கரைந்துவிட்டது. சுகமாயிருக்கும் நடுவயதினரில், மூளைப் பருமனுக்கும் சிந்தனைக்கும் உள்ள தொடர்பு உண்டுதான், மெல்லியது.

மறுபாதி? பழமொழியை நேருக்கு நேர் எதிர்ப்பது அங்கேதான்.

லண்டனில் வாடகை மோட்டார் ஓட்டுவோர் உரிமம் பெறுவதற்குச் சுமார் 25,000 தெருக்களை மனப்பாடம் செய்ய வேண்டும். மூன்று நான்கு வருஷ உழைப்பு. எலினார் மக்குவயர் என்ற அம்மையார் 2000-ஆம் ஆண்டில் அவர்களுடைய கடற்குதிரைகளின் பின்பகுதி மற்றவர்களுடையதைவிடப் பெரிதாயிருப்பதைக் காட்டினார். பிறவியிலேயே பெரிதாயிருந்தவர்கள்தாம் அத்தொழிலுக்கு வந்தார்களோ என்று ஐயம் எழுந்தது. 2011-இல், பயில வந்த 79 பேரை முன்னும் பின்னும் படம் பிடித்து ஒப்பிட்டார். தேறிய 39 பேருக்கு மட்டும் வளர்ந்திருந்தது, தேறாதவர்களுக்கு இல்லை. வளர்ந்த மனிதர் மூளையும் வேலைக்கேற்ப உருமாறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

நம் தேசத்திலேயே நடந்தது இதனினும் உருக்கமானது. லக்னோ நகருக்கு அருகிலுள்ள கிராமங்களில் எழுத்தறியாத வயதுவந்தோர் 21 பேருக்கு ஆறு மாதம் தேவநாகரி எழுத்துக் கற்பித்தார்கள். அவர்களிற் பெரும்பாலோர் பெண்கள். கற்பதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களை ஒப்பிட்டு 2017-இல் வெளியிட்டதில், மூளையின் மேற்பரப்பு மட்டுமன்றி, அடித்தண்டு வரையில் உள்ள பழைய பகுதிகளும் புதிய முறையில் இணைந்து இயங்கக் கண்டார்கள். கற்பிக்கப்படாத ஒன்பது பேரிடம் அம்மாறுதல் இல்லை. எண்ணிக்கை சிறிதுதான், இருந்தாலும் அதன் பொருள் சிறிதன்று. கொலம்பியாவில் துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு ஊருக்குத் திரும்பி, வயது வந்தபின் படிக்கக் கற்ற பழைய போராளிகளின் மூளையிலும், கல்லாதவர்களோடு ஒப்பிடும்போது, இரண்டு பாதிகளையும் இணைக்கும் பாலத்தில் வெண்பகுதி மிகுந்திருந்ததை 2009-இல் எழுதினார்கள்.

புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது யாரும் எம்.ஆர்.ஐ. எடுக்கவில்லை. ஆனால் கல்லுடைக்கும் பெண்களும் வயல் வேலை செய்யும் பெண்களும் பகல் வேலைக்குப் பிறகு அரிக்கேன் விளக்கடியில் எழுத்துக் கற்றார்கள். ஆயிரக்கணக்கானோர் சைக்கிள் விடவும் கற்றார்கள். வளைந்தது மூளை மட்டுமன்று.

மனப்பாடத்தைப் பற்றியும் ஒரு செய்தி. மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி நிலையத்தில், சிறு வயதிலிருந்து வேதத்தை வாய்ப்பாடமாகப் பயின்ற 21 பண்டிதர்களையும், அவர்களுக்கு ஒத்த பிராயத்துப் பிறர் 21 பேரையும் படம் பிடித்து 2016-இல் வெளியிட்டார்கள். பண்டிதர்களுக்கு மொழிக்கும் ஞாபகத்துக்கும் உரிய பல இடங்கள் பருத்திருந்தன. அவர்கள் வாலிபர்கள், ஆகையால் நம் விஷயத்துக்கு நேரான சாட்சி ஆகார். நம் ஓதுவார்களில் ஐம்பது வயதினரைச் சோதித்தால் என்ன தெரியும் என்ற ஆவல் மட்டும் எழுகிறது. இரண்டு மூன்று மொழிகளைப் பேசுவது பற்றியும் ஹைதராபாத்தில் சுவர்ணா அல்லாடி என்ற மருத்துவ மேதை ஆராய்ந்தார். மறதி நோய் கண்ட 648 பேரில், ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசியவர்களுக்கு அந்நோய் நாலரை வருஷம் தாமதித்து வந்திருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிலும் அப்படியே. 2013-இல் வெளியான இம்முடிவைப் பிற தேசத்து ஆராய்ச்சிகள் எல்லாம் ஆதரிக்கவில்லை. ஆனாலும் தமிழோடு மலையாளமும் தெலுங்கும் ஹிந்தியும் கலந்து ஒலிக்கும் துறைமுகத்துக்கு அருகில் வாழும் நமக்கு இச்செய்தி தித்திக்கவே செய்கிறது.

இதுவரை சொன்னவற்றில் பெரும்பகுதி வெள்ளையர் தேசத்துக் கணக்கு. அந்தக் கணக்கை அப்படியே நம் தலையில் கவிழ்க்கலாமா? படங்களை ஒப்பிட உலகமெங்கும் நெடுநாள் பயன்பட்ட மாதிரி மூளை கனடாவில் மாண்ட்ரியால் நகரில் தயாரானது. ஹைதராபாத்திலுள்ள தகவல் தொழில்நுட்பக் கழகத்தார் நம்மவர் 100 பேரின் படங்களைக் கொண்டு இந்திய மூளைக்குரிய மாதிரி ஒன்றை 2019-இல் வெளியிட்டார்கள். நம்மவர் மூளை உயரத்திலும் அகலத்திலும் பருமனிலும் சராசரியாகச் சற்றுச் சிறியது என்று அதனால் தெரிந்தது. பிறர் அளவுகோலை வைத்துப் பார்த்தால், ஆரோக்கியமாயிருக்கும் ஐம்பது வயது இந்தியரை ‘மூளை சுருங்கியவர்’ என்று தவறாகச் சொல்லிவிடக் கூடும் அல்லவா? சிறியது என்பதால் நேயர்கள் முகம் சுளிக்க வேண்டாம். பெண்களின் மூளையும் சராசரியில் ஆண்களுடையதைவிடச் சிறியதே. லண்டன் பரீட்சையில் அதனால் அவர்கள் சீக்கிரம் தளர்ந்துவிடவில்லை. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் பிலடெல்பியாவில் மார்ட்டன் என்பவர் மண்டையோடுகளில் கடுகு போன்ற விதைகளையும், பின்னர் ஈயக் குண்டுகளையும் நிரப்பி அளந்து, எந்த ஜாதியார் உயர்ந்தவர் என்று வரிசைப்படுத்தினார். ஆதிச்சநல்லூர் தாழிகளிலிருந்து எடுத்த மண்டையோடுகளையும் அளவுகோலோடு அணுகினவர்கள் உண்டு. பாத்திரத்தை அளந்து பாயசத்தின் ருசியைச் சொன்ன அந்தச் சாஸ்திரம் செத்து ஒழிந்தது. ஆனால் அதன் வாடை முற்றிலும் போகவில்லை.

பரீட்சைக்கும் இது பொருந்தும். எழுதவும் வாசிக்கவும் தெரிந்திருந்தால்தான் தேற முடியும் என்ற மேனாட்டுப் புத்திச் சோதனையை, ஹரியானாவில் பல்லப்கட் கிராமத்து முதியவர்களுக்கு ஏற்றவாறு மாற்றி 1995-இல் வெளியிட்டார்கள். எழுத்தறிவின்மையை மதிக்குறைவாகக் கருதும் பிழையை அது பெருமளவு நீக்கிற்று.

இவை எல்லாவற்றிலும் பெரிய முயற்சி நமக்கு அடுத்த கோலார் ஜில்லாவில் நடந்துவருகிறது. மாம்பழத்துக்குப் பெயர்பெற்ற ஸ்ரீநிவாசபுரம் தாலூகாவில், 45 வயதும் அதற்கு மேலும் உள்ள, மறதி நோய் இல்லாத கிராமத்தார் பதினாயிரம் பேரைச் சேர்த்து, பல ஆண்டு தொடர்ந்து கவனிப்பது என்ற நோக்கத்தோடு 2018-இல் தொடங்கினார்கள். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சார்ந்த மூளை ஆராய்ச்சி மையம் இதை நடத்துகிறது. அம்மையத்தை அமைத்து முதல் தலைவராயிருந்தவர் விஜயலட்சுமி ரவீந்திரநாத் அம்மையார். இரத்தம், நடை, கண், உணவு, தூக்கம், சிந்தனைப் பரீட்சை, மூளைப் படம் என்று உழவரும் கூலியாளும் சோதிக்கப்படுகிறார்கள். பரீட்சை கன்னடத்தில் நடக்கிறது. இதற்கு இணையாகப் பெங்களூர் நகரத்தாரில் ஆயிரம் பேரை டாட்டா அறக்கட்டளையின் உதவியோடு கவனிக்கிறார்கள். நோய் வந்தபின் ஆஸ்பத்திரிக்கு வருபவரை ஆராய்வது எளிது. நோயே இல்லாத குடியானவரிடம் ‘உமது தலையைப் படம் பிடிக்க வேண்டும்’ என்று சொல்லிப் பெங்களூருக்கு அழைத்து வருவதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும்!

இந்த ஆராய்ச்சிகள் ஏன் நடுவயதைத் தேடிப் போகின்றன? கேடு தொடங்குவது அப்போதுதான் என்பதால். 2024-இல் ‘லான்செட்’ பத்திரிகை கூட்டிய நிபுணர் குழு, உலகத்தில் மறதி நோய்க்குக் காரணமாகும் 14 தீமைகளை எண்ணி, அவற்றையெல்லாம் விலக்க முடிந்தால் ஏறக்குறைய 45 விழுக்காட்டைத் தவிர்க்கலாம் அல்லது தள்ளிப் போடலாம் என்று கணக்கிட்டது. அவற்றிற் பெரும்பகுதி நடுவயதுத் தீமைகள்: இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, இரத்தத்தில் கெட்ட கொழுப்பு, புகை, மது, ஊளைச்சதை, உடல் அசையாமை, மனச்சோர்வு, தலையில் அடி, காது மந்தம். நம் தேசத்தில் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 7.4 பேருக்கு, அதாவது 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருக்கலாம் என்று 2023-இல் வெளியான கணக்குச் சொல்லுகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கும், நகரத்தைவிடக் கிராமத்துக்கும் பங்கு அதிகம். பெண்ணுக்குப் பள்ளிக்கூடத்தை மறுத்த தலைமுறையின் கடன் இப்படி வட்டியோடு வந்து சேருகிறது.

இரத்தக் கொதிப்புத்தான் இவற்றில் ஊமைக் கள்ளன். மூளையின் வெண்பகுதிக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் மயிரிழைபோல் நுண்ணியவை. கொதிப்பு வருஷக்கணக்கில் அவற்றின் சுவரை இறுக்குகிறது. அவ்வழி போகும் இழைகள் பட்டினி கிடந்து தேய்கின்றன. படத்தில் அவை சிறு வெண்புள்ளிகளாகத் தோன்றும். தலைவலி இல்லை, மயக்கம் இல்லை. ஆள் சுகமாகத்தான் இருக்கிறார், யோசனை மட்டும் சற்று மெதுவாகிறது. உப்பு விளையும் கரையிலிருந்து இதை எழுதுவது கொஞ்சம் வேடிக்கையாயிருக்கலாம். நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்புப் போதும் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். ஒரு தேக்கரண்டிக்கு மேற்படாத அளவு. கருவாட்டுக் குழம்பும், எலுமிச்சை ஊறுகாயும், மோருக்கு மிளகாய் வற்றலுமாக ஒரு வேளைச் சாப்பாட்டிலேயே நம்மவர் அதைத் தாண்டிவிடுகிறார்கள். கொதிப்பைப் பார்க்க நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து வீட்டு வாசலுக்கே வந்து பார்க்கிறார்கள். வீட்டுத் தலைவர் கையை நீட்டுகிறார். சமையலறையிலிருக்கும் அம்மாள் ‘எனக்கென்ன’ என்று உள்ளேயே நின்றுவிடுகிறாள். அவளையும் அழைக்க வேண்டும்.

காது மந்தத்தை நம் குடும்பங்கள் நோயாகவே எண்ணுவதில்லை. மூக்குக் கண்ணாடிக்கு வெட்கப்படாதவர்கள் காதுக் கருவிக்கு வெட்கப்படுகிறார்கள். கேளாதவரிடம் வீட்டார் பேச்சைக் குறைக்கிறார்கள். பேச்சுக் குறைந்த மூளைக்கு வேலை குறைகிறது.

நடையைப் பற்றி அமெரிக்காவில் 120 பேரைக் கொண்டு நடந்த சோதனை ஒன்று பிரசித்தம். 55 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரம் மூன்று நாள் நாற்பது நிமிஷம் வேகமாக நடந்தார்கள். ஒரு வருஷத்தில் அவர்களுடைய கடற்குதிரைகள் நூற்றுக்கு இரண்டு பங்கு பருத்தன. நடக்காமல் உடலை நீட்டி மடக்கியவர்களுக்கு நூற்றுக்கு 1.4 பங்கு சுருங்கின. 2011-இல் வெளியான இதைப் பின்னால் வந்த சோதனைகள் அத்தனை உற்சாகமாக ஒத்துக்கொள்ளவில்லை. வளர்கிறது என்பதைவிடச் சுருங்காமல் தடுக்கிறது என்றே பலர் இப்போது சொல்லுகிறார்கள். அதுவும் போதும். குறுக்கெழுத்துப் போட்டிகளும், கைப்பேசியில் விற்கும் மூளைப் பயிற்சி விளையாட்டுக்களும் அந்த விளையாட்டில் கெட்டிக்காரர்களாக ஆக்குகின்றன. அதற்கு மேல் பலன் உண்டென்று நம்புவதற்கு நமக்குத் துணிவில்லை. காசு கொடுத்து வாங்கும் ஞாபக லேகியங்களைப் பற்றிப் பேசாமலிருப்பதே மரியாதை.

ஸ்ரீநிவாசபுரத்தில் 2018-இல் நாற்பத்தைந்து வயதோடு பெயர் கொடுத்த குடியானவருக்கு 2033-இல் அறுபது நிறையும். அவருடைய தலையில் முதல் தடவை எடுத்த படமும் கடைசியாக எடுத்த படமும் அப்போது ஒரே மேஜையில் இருக்கும்; இடையே அவருடைய இரத்தக் கொதிப்பு எவ்வளவு, எத்தனை மைல் நடந்தார், எத்தனை மொழி பேசினார், எந்த வயதில் எழுத்துக் கற்றார் என்ற குறிப்புக்களும் இருக்கும்.